சிஎம்டிகீயில் சேமித்த கடவுச்சொல்லை இரவுப் பணி ஏன் கண்டுகொள்வதில்லை?

கணக்குப்பிள்ளை:

அனைவருக்கும் வணக்கம். மொத்த வணிகம் செய்யும் சிறிய அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. கணினியைப் பற்றி ஓரளவு தெரிந்தவன் என்று ஒருமுறை காட்டிக்கொண்டதன் பலனாக, பிரிண்டர் முதல் காப்புநகல் வரை எல்லாமே இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. மூன்று நாளாக ஒரு சிக்கலில் நிற்கிறேன். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எனக்கே தெரியாததால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

கணக்குத் தரவு இருக்கும் கணினியில் விண்டோஸ் 11 புரோ ஓடுகிறது. டொமைன் (எல்லாக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) எதுவும் கிடையாது. எல்லாக் கணினிகளும் தனித்தனியே நிர்வகிக்கப்படும் ஒர்க்குரூப்பில்தான் இருக்கின்றன. நகல்களை வைப்பதற்குப் ‘பெட்டகம்’ என்று பெயரிட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பகம்) ஒன்று உண்டு. அதில் ‘காப்பாளர்’ என்ற பயனரையும் ‘இரவுநகல்’ என்ற பகிர்வையும் உருவாக்கியிருக்கிறேன். இரவு 11.30 மணிக்கு, குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர், கட்டளைகள் அடங்கிய ஒரு பேட்ச் கோப்பை ஓட்டும். அது விண்டோஸின் நகலெடுப்புக் கட்டளையான ரோபோகாப்பியைக் கொண்டு டி டிரைவில் உள்ள கணக்குகளைப் பெட்டகத்துக்கு நகலெடுக்கும்.

இதுவரை அந்தப் பேட்ச் கோப்பின் முதல் வரியில், பகிர்வோடு இணைக்கும் ‘நெட் யூஸ்’ கட்டளையோடு காப்பாளரின் கடவுச்சொல்லும் அப்படியே எழுதப்பட்டிருந்தது. சென்ற மாதம் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, “சார், இது பாஸ்வேர்டா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கோப்பில் எழுதாமல் விண்டோஸிடமே ஒப்படைத்துவிடலாம், அதற்குச் சிஎம்டிகீ என்ற கட்டளை இருக்கிறது என்று படித்தேன்.

நான் அன்றாடம் நுழைவது ‘அலுவலகம்’ என்ற சாதாரணக் கணக்கில். கட்டளைச் சாளரத்தை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, அது கேட்ட ‘நிர்வாகி’ கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, பின்வரும் கட்டளையை இட்டேன்:

சிஎம்டிகீ /ஆட்:பெட்டகம் /யூசர்:பெட்டகம்\காப்பாளர் /பாஸ்:(கடவுச்சொல்)

சான்று (பயனர்பெயரும் கடவுச்சொல்லும்) வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. ‘சிஎம்டிகீ /லிஸ்ட்’ கொடுத்துப் பார்த்தாலும் மூன்று வரிகள் தெரிகின்றன:

டார்கெட்: டொமைன்:டார்கெட்=பெட்டகம்
டைப்: டொமைன் பாஸ்வேர்டு
யூசர்: பெட்டகம்\காப்பாளர்

பேட்ச் கோப்பிலிருந்து ‘நெட் யூஸ்’ வரியை நீக்கிவிட்டு, அதே சாளரத்தில் ஓட்டிப் பார்த்தேன். நகல் குறையின்றி முடிந்தது. ஆனால் இரவில் டாஸ்க் ஷெட்யூலர் ஓட்டியபோது நகலாகவில்லை. காலையில் வந்து பார்த்தால் பணியின் நிலை ‘இயங்குகிறது’ என்றே இருக்கிறது. பதிவுக் கோப்பில் பிழை எண் 5, அணுகல் மறுக்கப்பட்டது என்ற வரி நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

பணி ‘அலுவலகம்’ கணக்கின் பெயரில் ஓடுகிறது. பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு என்ற தேர்வைக் கொடுத்திருக்கிறேன். அதற்குக் கீழே உள்ள ‘கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம்’ என்ற கட்டத்தையும், அதுவே பாதுகாப்பானது என்று எண்ணி, டிக் செய்திருக்கிறேன். கையால் ஓட்டினால் திறக்கும் கதவு இரவில் மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது?


பழைய சர்வர்:

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு வணக்கம். முழுவதையும் எழுதியது நல்லதாயிற்று. விடையும் உங்கள் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சிறிய விஷயத்தை முடித்துவிடலாம். பணி காலைவரை ‘இயங்குகிறது’ என்று நிற்பதற்குச் சிஎம்டிகீ காரணமன்று. ரோபோகாப்பிக்கு எதுவும் சொல்லாவிட்டால், தோல்வியுற்ற ஒவ்வொரு முயற்சியையும் 30 விநாடி இடைவெளியில் 10 இலட்சம் முறை திரும்பச் செய்யும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 347 நாள் வரும். ஷெட்யூலர் தன் வழக்கப்படி மூன்றாம் நாளில் அதை நிறுத்தும் என்பது வேறு கதை. கட்டளையின் இறுதியில் ‘/ஆர்:2 /டபிள்யூ:5’ என்று சேர்த்துவிடுங்கள். மேலும் இரண்டு முறை மட்டும் முயன்று பார்த்துவிட்டு, தோல்வியைத் தோல்வி என்றே சொல்லிவிடும்.

இனி மூல விஷயம். சிஎம்டிகீ சேமிக்கும் சான்று கணினிக்குச் சொந்தமானதன்று, அந்தக் கட்டளையை ஓட்டிய பயனருக்குச் சொந்தமானது. ஒவ்வொரு பயனரின் புரொஃபைலுக்குள்ளும், ஆப்டேட்டா அடைவின் உள்ளே மைக்ரோசாஃப்ட், அதற்குள்ளே கிரெடென்ஷியல்ஸ் என்ற மறைவான ஃபோல்டரில், மறையாக்கப்பட்ட கோப்புகளாக அவை கிடக்கின்றன. அந்த மறையாக்கத்துக்கான மூலத்திறவு அந்தந்தப் பயனரின் உள்நுழைவுக் கடவுச்சொல்லிலிருந்து வருவிக்கப்பட்ட திறவால் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஒருவர் பெயரில் வைத்ததை மற்றொருவர் வழக்கமான வழியில் எடுக்க முடியாது. அவர் நிர்வாகி, இவர் சாதாரணப் பயனர் என்ற வேறுபாடு இதில் உதவாது.

நீங்கள் செய்ததைப் பாருங்கள். ‘அலுவலகம்’ என்ற பெயரில் அமர்ந்துகொண்டு, ‘நிர்வாகி’ கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்த சாளரம் நிர்வாகியின் சாளரம். திரையும் நாற்காலியும் உங்களுடையவை என்றாலும் அந்தச் சாளரத்துக்குள் நீங்கள் வேறு ஆள். சிஎம்டிகீ நிர்வாகியின் சான்றுப் பெட்டியில் சான்றை வைத்தது. அதே சாளரத்தில் ஓட்டிய பேட்ச் கோப்பும் நிர்வாகியாகவே ஓடியதால் எடுத்துக்கொண்டது. இரவில் ஓடுவது ‘அலுவலகம்’. அதன் பெட்டி காலி.

நான் ஊகிப்பதைவிடப் பணியையே சொல்ல வைப்பது மேல். பேட்ச் கோப்பின் தொடக்கத்தில் இந்த இரண்டு வரிகளைச் சேர்த்து ஒருமுறை ஷெட்யூலர் வழியாக ஓட்டுங்கள்:

ஹூஆம்ஐ >> டி:\பதிவு\யார்.டிஎக்ஸ்டி
சிஎம்டிகீ /லிஸ்ட் >> டி:\பதிவு\யார்.டிஎக்ஸ்டி

முதல் வரி, ஓடுவது யார் என்று எழுதும். இரண்டாவது வரி, அவர் கையில் என்ன சான்றுகள் இருக்கின்றன என்று எழுதும். இந்த வகைச் சிக்கல்களில் நான் முதலில் செய்வது இதைத்தான். எத்தனையோ பேர் கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் ‘யார்’ என்று கேட்கிறார்கள்.

அந்த ‘டொமைன் பாஸ்வேர்டு’ என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். உங்களிடம் டொமைன் இல்லாவிட்டாலும், விண்டோஸ் தானே முன்வந்து பகிர்வுகளுக்கு நீட்டும் சான்று வகைக்கு அதுதான் பெயர்.

கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம் என்ற கட்டத்தின் மேல் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. பதிவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.


கணக்குப்பிள்ளை:

ஐயா, நீங்கள் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கோப்பில் முதல் வரி, கணினியின் பெயரும் சாய்கோடும் ‘அலுவலகம்’ என்பதும். அதன் கீழே, தற்போது சேமிக்கப்பட்டுள்ள சான்றுகள் என்ற தலைப்புக்கு அடியில் இரு உடுக்குறிகளுக்கு நடுவே ‘நன்’ (எதுவும் இல்லை) என்று ஒற்றைச் சொல்.

வீட்டிலிருந்தே சரிசெய்துவிடலாம் என்று, நேற்றிரவு பவர்ஷெல்லின் தொலைநிலை அமர்வில் ‘அலுவலகம்’ கணக்காக நுழைந்து சிஎம்டிகீயைக் கொடுத்தேன். இந்த உள்நுழைவு அமர்விலிருந்து சான்றுகளைச் சேமிக்க முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. இன்று காலை கணினியின் முன்னால் அமர்ந்து, சாதாரணமாகத் திறந்த சாளரத்தில் அதே கட்டளையைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. கையால் ஓட்டினால் ‘அலுவலகம்’ பெயரிலும் நகலாகிறது. ஆனால் ஷெட்யூலர் வழியாக ஓட்டினால் இன்னும் அதே பிழை எண் 5தான். இப்போது ஆள் ஒருவர்தானே? பெட்டியும் ஒன்றுதானே?


பழைய சர்வர்:

ஆள் ஒருவர்தான். ஆனால் அவர் எந்த வழியாக உள்ளே வந்தார் என்பதும் கணக்கில் சேரும். நேற்றிரவு உங்களைத் தடுத்ததும் இன்று பணியைத் தடுப்பதும் இதுவே.

தொலைநிலை பவர்ஷெல்லில் நீங்கள் நுழைந்தது நெட்வொர்க் வகை உள்நுழைவு. அந்த வகையில் உங்கள் கடவுச்சொல் அந்தக் கணினிக்கு வந்து சேர்வதில்லை. நீங்கள் நீங்கள்தான் என்பதற்கான மெய்ப்பிப்பு மட்டுமே வருகிறது. அத்தகைய அமர்விலிருந்து சான்றுப் பெட்டியில் எதையும் வைக்க விண்டோஸ் இடம் கொடுப்பதில்லை. கணினியின் முன்னால் அமர்ந்தோ, ரிமோட் டெஸ்க்டாப்பில் முழுமையாக நுழைந்தோதான் சிஎம்டிகீயைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது நீங்கள் பாதுகாப்பு என்று எண்ணி டிக் செய்த கட்டம். கடவுச்சொல்லைச் சேமிக்காமல் ஒரு பயனரின் பெயரில் பணியை ஓட்ட விண்டோஸ் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: கடவுச்சொல் கேட்காமலேயே, ‘இவர் இன்னார்’ என்று தனக்குள் உறுதிசெய்துகொண்டு ஓர் அமர்வை உருவாக்கிக்கொடுக்கும். உள்ளூர்க் கோப்புகளுக்கு அது போதும். ஆனால் கடவுச்சொல்லே இல்லாத அமர்வு என்பதால், நெட்வொர்க்கில் மற்றொரு கணினியிடம் நீட்டுவதற்கு அதன் கையில் எதுவும் இல்லை. சான்றுப் பெட்டியின் மூலத்திறவைத் திறக்கவும் அந்தக் கடவுச்சொல்தான் வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? எனவே பெட்டி அங்கேயே இருந்தும் பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே, பணி உள்ளூர்க் கணினியின் வளங்களை மட்டுமே அணுகும் என்று எழுதியிருப்பார்கள். அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை, ஒருமுறை அடிபட்ட பிறகுதான் படித்தேன்.

அந்த டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். ‘அலுவலகம்’ கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும், கொடுங்கள். இது விண்டோஸ் கணக்கின் கடவுச்சொல், காப்பாளருடையது அன்று. பின்னாளில் ‘அலுவலகம்’ கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால், ஷெட்யூலரிலும் மறுபடி கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். கணக்கின் உரிமையாளர் பழைய கடவுச்சொல்லைக் கொடுத்து முறைப்படி மாற்றினால், மூலத்திறவு புதிய கடவுச்சொல்லால் மீண்டும் பூட்டப்படும், எதுவும் இழப்பாகாது. மறந்துவிட்டது என்று நிர்வாகி வெளியிலிருந்து வலிந்து மாற்றினால், டொமைன் இல்லாத கணினியில் பழைய பெட்டி திறக்கவே திறக்காது. சேமித்த சான்றுகளை எல்லாம் புதிதாக வைக்க வேண்டியதுதான்.

பெயரிலும் கவனமாக இருங்கள். சான்று ‘பெட்டகம்’ என்ற பெயருக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பேட்ச் கோப்பில் 192.168.1.20 என்று ஐபி முகவரியால் கூப்பிட்டால், அது வேறு கணினி என்றே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். எந்தப் பெயரால் கூப்பிடுகிறீர்களோ அந்தப் பெயருக்கே சான்று இருக்க வேண்டும். இசட் டிரைவ், ஒய் டிரைவ் என்று எழுத்துகளையும் நம்ப வேண்டாம். அவை ஒவ்வோர் உள்நுழைவு அமர்வுக்கும் தனித்தனி என்பதால் இரவுப் பணிக்குத் தெரியாது. இரண்டு சாய்கோடு இட்டு முழுப் பாதையையும் எழுதுங்கள்.


நள்ளிரவுப்பணி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தேவைதான், ஆனால் நான் சேமிக்கும் படிக்கே வரவில்லை. கணினியின் முன்னால் அமர்ந்து, சரியான பயனராகச் சிஎம்டிகீயைக் கொடுத்தாலும், குறிப்பிட்ட உள்நுழைவு அமர்வு இல்லை, ஏற்கெனவே முடிக்கப்பட்டிருக்கலாம் என்ற பொருளில் ஒரு பிழை வருகிறது. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே என் அமர்வு முடிந்துவிட்டது என்கிறது. ஷெட்யூலரில் கடவுச்சொல்லோடு பணியைச் சேமிக்க முயன்றாலும் அதே வாசகம்தான். இந்தக் கணினியை எங்களுக்கு முன்பு பராமரித்த ஒப்பந்தக்காரர் பாதுகாப்புக்காகப் பல அமைப்புகளை இறுக்கிவைத்துவிட்டுப் போனார். எதை எதை என்ற பட்டியல் கொடுக்கவில்லை.

கூடுதலாக ஓர் ஐயம்: பணியை விண்டோஸின் சொந்தக் கணக்கான ‘சிஸ்டம்’ கணக்கில் ஓட்டிவிட்டால் இந்தக் கடவுச்சொல் தொல்லைகளே இராது என்கிறார்களே, அது சரியா?


பூட்டும்சாவியும்:

நள்ளிரவுப்பணி அவர்களுக்கு: அந்தப் பிழையின் சொற்கள் திசைதிருப்பக்கூடியவை. உங்கள் அமர்வில் எந்தக் குறையும் இருக்க வாய்ப்பில்லை. லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறந்து, லோக்கல் பாலிசிஸ், அதற்குள் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் என்று சென்றால், ‘நெட்வொர்க் ஆக்சஸ்’ என்று தொடங்கும் வரிகளில் ஒன்று, நெட்வொர்க் அங்கீகாரத்துக்கான கடவுச்சொற்களையும் சான்றுகளையும் சேமிக்க அனுமதிக்க வேண்டாம் என்று சொல்லும். அது ‘எனேபிள்டு’ என்று இருந்தால் சிஎம்டிகீயும் ஷெட்யூலரும் ஒரே குரலில் நீங்கள் கண்ட வாசகத்தைச் சொல்லும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அதற்கு ‘டிசேபிள்டொமைன்கிரெட்ஸ்’ என்று பெயர். மதிப்பு 1 என்றால் தடை, 0 என்றால் அனுமதி. மாற்றிய பின் கணினியை மறுதொடக்கம் செய்தால்தான் நடைமுறைக்கு வரும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தளர்த்த வேண்டாம். அந்த ஒப்பந்தக்காரர் காரணமின்றிச் செய்திருக்க மாட்டார். கணினியில் முழு நிர்வாக உரிமை பெற்றுவிட்ட ஒருவரால் சேமித்த சான்றுகளைப் பிரித்தெடுக்க முடியும் என்பதால், பல பாதுகாப்பு வழிகாட்டிகள் அந்தத் தடையைப் பரிந்துரைக்கின்றன. தளர்த்துவதானால், எந்தக் கணினியில், எந்தத் தேவைக்காக என்று எழுதிவைத்துவிட்டுத் தளர்த்துங்கள். அவர் எழுதிவைக்காததால்தானே நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்கள்.

சிஸ்டம் கணக்கைப் பற்றி: டொமைனில் சேர்ந்த கணினி என்றால் அது நல்ல வழி. நெட்வொர்க்கில் சிஸ்டம் கணக்கு அந்தக் கணினியின் சொந்தக் கணக்காகத் தோன்றும். பெயரின் இறுதியில் ஒரு டாலர் குறி இருக்கும். பகிர்வில் அந்தக் கணக்குக்கே அனுமதி கொடுத்துவிட்டால் யாரும் எந்தக் கடவுச்சொல்லையும் எங்கும் வைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் சர்வர் 2012 முதல் குழு நிர்வகிப்புச் சேவைக் கணக்குகளும் இருக்கின்றன; அவற்றின் கடவுச்சொல்லை டொமைனே உருவாக்கி, இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறது. டொமைன் உள்ளவர்கள் சிஎம்டிகீயின் பக்கமே போகாமல் இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஒர்க்குரூப்பில் அந்தக் கணினிக் கணக்கை நாஸ் பெட்டிக்குத் தெரியாது. அப்போது சிஸ்டத்தின் பெட்டியிலும் சிஎம்டிகீயைக் கொண்டு ஒரு சான்றை வைத்தாக வேண்டும். அதற்குச் சிலர், சிஸ்டம் கணக்கில் ஒரே ஒருமுறை ஓடும் பணி ஒன்றை உருவாக்கி, அதன் கட்டளையாகவே சிஎம்டிகீ வரியைக் கடவுச்சொல்லோடு எழுதிவிடுகிறார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் அந்தப் பணியின் விவரம் முழுவதும், கட்டளை உட்பட, விண்டோஸ் அடைவின் சிஸ்டம்32 உள்ளே டாஸ்க்ஸ் என்ற ஃபோல்டரில் சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதப்படுகிறது. நோட்பேடில் திறந்தால் கடவுச்சொல் பல்லிளிக்கும். அந்தப் பணியை உடனே நீக்காவிட்டால், பேட்ச் கோப்பில் இருந்ததை வேறொரு கோப்புக்கு மாற்றிவைத்தது மட்டுமே மிச்சம்.

இதையொட்டிக் கணக்குப்பிள்ளை அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘/பாஸ்:’ என்று போட்டுக் கடவுச்சொல்லையும் அதே வரியில் எழுதியிருக்கிறீர்கள். கட்டளைவரியில் எழுதியது எங்கெங்கோ தங்கிவிடும். கட்டளை ஓடும் கணநேரத்தில் டாஸ்க் மேனேஜரில் கட்டளைவரிப் பத்தியைத் திறந்து வைத்திருப்பவருக்குத் தெரியும்; பவர்ஷெல் என்றால் நீங்கள் இட்ட வரிகள் வரலாற்றுக் கோப்பில் சேரக்கூடும்; கட்டளைவரியோடு செயல்முறைத் தணிக்கை செய்யும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், செக்யூரிட்டி பதிவில் 4688 என்ற எண்ணுள்ள நிகழ்வாக முழு வரியும் ஏறிவிடும். இவ்வளவுக்கும் தேவையே இல்லை. ‘/பாஸ்’ என்பதோடு நிறுத்திவிட்டால், முக்காற்புள்ளியும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். எண்டரைத் தட்டியதும் சிஎம்டிகீயே கேட்கும், தட்டச்சு செய்வதும் திரையில் தெரியாது.

இதில் வேறொரு நன்மையும் உண்டு. கடவுச்சொல்லில் விழுக்காட்டுக் குறி, ‘அண்ட்’ குறி போன்றவை இருந்தால் கட்டளைவரி அவற்றுக்கு வேறு பொருள் கொடுத்துவிடும். பேட்ச் கோப்புக்குள் ஒரு விழுக்காட்டுக் குறி வேண்டுமென்றால் இரண்டு இட வேண்டும். கேட்கும்போது கொடுத்தால் அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

மறந்தும் ‘/ஆட்’ என்ற இடத்தில் ‘/ஜெனரிக்’ போட்டுவிடாதீர்கள். இணையத்தில் காணப்படும் பல எடுத்துக்காட்டுகள் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு உரியவை. அவற்றில் ஜெனரிக்கும், கணினிப் பெயருக்கு முன்னால் ‘டெர்ம்எஸ்ஆர்வி’ என்ற ஒட்டும் இருக்கும். பகிர்வுக்கு அது உதவாது. மேலும், ஜெனரிக் வகையில் வைத்த கடவுச்சொல்லை அந்தப் பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும் கேட்டுப் படித்துவிடலாம். டொமைன் பாஸ்வேர்டு வகையில் வைத்ததைச் சாதாரண நிரல் கேட்டால், இருக்கிறது என்று சொல்வார்களே தவிர, கடவுச்சொல்லைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

கையில் கொடுக்காவிட்டாலும் அதைப் பயன்படுத்த முடியும் என்பதை மறக்க வேண்டாம். ‘அலுவலகம்’ பெயரில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பிணைத்தொகை நச்சுநிரல் ஒன்று ஓடினால், கடவுச்சொல் என்னவென்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. பெட்டகத்தின் பகிர்வைத் திறந்தால் விண்டோஸே சான்றை நீட்டிவிடும். எனவே காப்பாளர் கணக்குக்கு இரவுநகல் பகிர்வைத் தவிர வேறெதிலும் உரிமை இருக்கக் கூடாது. நாஸ் பெட்டியின் நிர்வாகக் கணக்காக நிச்சயமாக இருக்கக் கூடாது. உங்கள் நாஸ் பெட்டியில் ஸ்னாப்ஷாட் வசதி (கோப்புகளின் முந்தைய நிலையை அப்படியே வைத்திருப்பது) இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். அன்றாடம் மின்னஞ்சல் பார்க்கும் ‘அலுவலகம்’ கணக்கிலேயே காப்புநகலையும் ஓட்டாமல், அதற்கென்று தனியாக ஒரு விண்டோஸ் பயனரை உருவாக்கி, சான்றை அவர் பெட்டியில் மட்டும் வைப்பது இன்னும் நல்லது.


பழைய சர்வர்:

தனிப் பயனர் என்ற ஆலோசனையை நானும் வழிமொழிகிறேன். ஒர்க்குரூப்பில் பழங்காலத்து உத்தி ஒன்றும் உண்டு: விண்டோஸிலும் நாஸ் பெட்டியிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொண்ட பயனரை வைத்துவிட்டால், சிஎம்டிகீ இல்லாமலேயே கதவு திறக்கும், விண்டோஸ் தன் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும்தான் முதலில் நீட்டிப் பார்க்கும். ஆனால் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே மாற்ற வேண்டும் என்பதை ஆறு மாதம் கழித்து யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எனக்குச் சிஎம்டிகீயே மேல். கடவுச்சொல் மாறினால் அதே பெயருக்கு மறுபடி ‘/ஆட்’ கொடுத்தால் போதும், பழையதன் மேல் எழுதிக்கொள்ளும்.

புதிய பயனரை உருவாக்கினால், நிர்வாகியின் பெட்டியிலும் ‘அலுவலகம்’ பெட்டியிலும் நீங்கள் வைத்துவிட்ட பழைய சான்றுகளை ‘சிஎம்டிகீ /டெலீட்:பெட்டகம்’ கொடுத்து நீக்கிவிடுங்கள். ஒவ்வொன்றையும் அந்தந்தப் பயனரின் சாளரத்திலிருந்துதான் நீக்க முடியும்.


நள்ளிரவுப்பணி:

பாலிசியில் அந்த வரி எனேபிள்டு என்றுதான் இருந்தது. மேலாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, இந்த ஒரு கணினியில் மட்டும் தளர்த்தி, மறுதொடக்கம் செய்தேன். சிஎம்டிகீ முதல் முயற்சியிலேயே ஏற்றுக்கொண்டது. மிக்க நன்றி.

பிறகு ஒரு மணி நேரம் வேறொரு பிழையில் போயிற்று. பிறருக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன். ஒரே சேவையகத்தை ஒரே பயனர் இரண்டு வெவ்வேறு பயனர்பெயர்களால் அணுக முடியாது என்று 1219 என்ற எண்ணோடு வந்தது. காலையில் எக்ஸ்ப்ளோரரில் வேறொரு பெயரால் அந்தச் சேவையகத்தைத் திறந்து வைத்திருந்தேன். அந்த இணைப்பு உயிரோடு இருந்ததால் புதிய சான்றுக்கு இடமில்லை. ‘நெட் யூஸ்’ என்று வெறுமனே கொடுத்து இணைப்புகளைப் பார்த்து, பழையதை ‘/டெலீட்’ கொடுத்துத் துண்டித்தவுடன் சரியாகிவிட்டது.


கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ‘நகலர்’ என்று புதிய விண்டோஸ் பயனரை உருவாக்கி, அவராக ஒருமுறை உள்நுழைந்து, ‘/பாஸ்’ என்பதோடு நிறுத்திச் சிஎம்டிகீ கொடுத்தேன். கேட்டது, கொடுத்தேன், திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. பணியை அவர் பெயருக்கு மாற்றி, அந்தக் கட்டத்தின் டிக்கை எடுத்தேன். பழைய சான்றுகள் இரண்டையும் அந்தந்தச் சாளரத்திலிருந்தே நீக்கினேன். காப்பாளரின் கடவுச்சொல்லையும் புதிதாக மாற்றிவிட்டேன், ஏனெனில் பழைய பேட்ச் கோப்பே பெட்டகத்திலுள்ள நகல்களுக்குள் கடவுச்சொல்லோடு பத்திரமாக இருந்தது. அதைத் தேடிக் கண்டபோது சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

இரவுப் பணி 11.30க்குத் தொடங்கி 11.42க்கு முடிந்திருக்கிறது. ‘யார்’ கோப்பில் ‘நகலர்’ என்றும், கீழே மூன்று வரிச் சான்றும் இருக்கின்றன. பெட்டகத்தில் நேற்றைய தேதியிட்ட கோப்புகளைக் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் ஷெட்யூலரில் கடைசி முடிவு என்ற இடத்தில் 0எக்ஸ்1 என்று காட்டுகிறது. வெற்றி என்றால் 0எக்ஸ்0 அல்லவா வர வேண்டும்?


பழைய சர்வர்:

உங்கள் பேட்ச் கோப்பின் கடைசிக் கட்டளை ரோபோகாப்பி என்பதால், அது சொன்ன எண்ணையே ஷெட்யூலர் காட்டுகிறது. ரோபோகாப்பியில் 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை, 1 என்றால் கோப்புகள் நகலாயின என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் சில கோப்புகள் நகலாகவில்லை என்று கவலைப்பட வேண்டும். ‘யார்’ கோப்பில் எழுதும் அந்த இரண்டு வரிகளை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.